கம்பியிலிருந்து எண்ணுகிறவர்கள்

கணக்கு ஒத்துவந்திருந்தால் மாரிவிக் அந்தச் செவ்வாய்க்கிழமை தோட்டத்துக்குப் போயிருக்கவே மாட்டாள்.

மூன்று வருடமாக அந்த வாழைத்தோட்டத்தைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தாள். ஆனால் அதற்குள் கால்வைத்தது நாலைந்து தடவைதான். அதுவும் மணிலாவிலிருந்து யாராவது வரும்போது, தொப்பி போட்டுக்கொண்டு, படத்தில் நிற்பதற்காக. முப்பத்தொரு குடும்பங்களின் கூட்டுறவுத் தோட்டம். ஆளுக்கு ஒரு துண்டு நிலம், நடுவில் வேலி கிடையாது. தோட்டத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு தலைக்கு மேலே இரும்புக் கம்பி ஓடும். வெட்டிய தார்களை அதில் தொங்கவிட்டு, இருபது முப்பதாகக் கோத்து இழுத்துக்கொண்டு போவார்கள். கம்பிக்கு மேற்கே பாதி, கிழக்கே பாதி. மேற்குப் பாதியின் கடைசியில் தார்ச்சாலை.

வாடல் நோய் மண்ணில் இருக்கிறது. வேருக்குள் போய் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். இலை மஞ்சளாவது கடைசியில். அதற்கு மருந்து கிடையாது. அது எந்த மரத்திலிருந்து எந்த மரத்துக்கு எத்தனை நாளில் போகும் என்று சமன்பாடு எழுதுவதுதான் மாரிவிக்கின் வேலை. ஆய்வு நிலையத்தில் மூன்று பேர் சேர்ந்து செய்த ஆய்வு அது. பயிர்நோய்க்கு டாக்டர் ஃபெலிசிதாஸ், கணக்குக்கு அவள், வாய்க்காலும் வேலியும் பாதையும் போட இன்ஜினியர் ரெனாந்தே.

பிப்ரவரியில் அவள் போட்ட வரைபடத்தின்படி, நோய் சாலையோரத்தில் இருந்தது. சாலையோரத்து மரங்களை வெட்டினார்கள். அப்புறம் மே மாதம் வந்த சோதனை முடிவில், கிழக்குப் பாதியில் கம்பியை ஒட்டிப் பதின்மூன்று மரங்களில் நோய் என்றிருந்தது. அவளுடைய கணக்குப்படி அங்கே ஒன்று இருக்கலாம், மிஞ்சிப்போனால் இரண்டு. பதின்மூன்று வர வழியே இல்லை. வேர் மாதிரிப் பைகள் மேற்கும் கிழக்குமாக மாறியிருக்கும் என்று நினைத்தாள். மேற்குப் பாதியில் மறுபடி வேர் எடுக்கும்போது நானும் வருகிறேன் என்று மானோங் ப்ரோகோவுக்குச் சொல்லி அனுப்பினாள்.

மானோங் என்றால் அண்ணன் மாதிரி. ப்ரோகோவுக்கு அறுபது வயதிருக்கும். இடுப்பில் கத்தி, தோளில் பை, காதில் பென்சில். மூன்று வருடமாக வேர் மாதிரி எடுத்து எண் போட்டு அனுப்பியவர் அவர்தான்.

"மேம் நடந்தே வர்றீங்களா? மழை வரப்போகுது" என்று சிரித்தார்.

கம்பிக்கு அடியில் நின்றார். முதல் வரிசையில் கம்பியை ஒட்டி நின்ற மரத்தடியைக் கொத்தினார். வேரை எடுத்துப் பையில் போட்டார். பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினார்: வரிசை 1, மரம் 1.

மாரிவிக் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மானோங், இது நாப்பதாவது மரம்."

"எது?"

"இது. சாலையிலேருந்து எண்ணினா நாப்பது."

அவர் சாலைப் பக்கம் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "சாலையிலேருந்து எதுக்கு எண்ணணும்?"

"படத்துல அங்கேருந்துதானே..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"வாழைத்தோட்டத்துல யாரும் சாலையிலேருந்து எண்ண மாட்டாங்க மேம். தாரெல்லாம் கம்பிக்குத்தானே வருது? பை மாட்டுறவன், இலை கழிக்கிறவன், தார் சுமக்கிறவன், எல்லாம் கம்பியிலேருந்துதான் எண்ணுவான். அந்தப் பக்கம் போனாலும் கம்பியிலேருந்து ஒண்ணு, இந்தப் பக்கம் போனாலும் கம்பியிலேருந்து ஒண்ணு. எங்கப்பா காலத்துலேருந்து அப்படித்தான். அன்னைக்கே உங்களக் கேட்டேனே போன்ல. வழக்கம்போல எண்ணலாமான்னு."

"நான் என்ன சொன்னேன்?"

"வழக்கம்போலவேன்னீங்க."

அது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அலுவலகத்தில், ஒரு கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு சொன்னது. வழக்கம் என்ன என்று அவள் கேட்கவில்லை. படிவத்தில் 'மரம் எண்' என்று ஒரு கட்டம் போட்டிருந்தாள். எங்கிருந்து என்று போடவில்லை. அவளுடைய வரைபடத்தில் எண்கள் இடமிருந்து வலமாகப் போயின. எல்லா வரைபடத்திலும் அப்படித்தானே போகும்.

கிழக்குப் பாதி சரி. அங்கே இடது ஓரத்தில் கம்பி. மேற்குப் பாதி முழுக்கத் தலைகீழ்.

"என்ன மேம், முகம் வெளுத்துப்போச்சு? காலைல சாப்பிட்டீங்களா இல்லையா?"

"நீங்க எடுங்க மானோங்" என்றாள். குரல் சாதாரணமாக வந்தது. அப்படி வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மரத்துக்கு மரம் அவர் பின்னாலேயே நடந்தாள். இருபத்தைந்தாவது மரத்தோடு வாழை நின்றுவிட்டது. அதற்கப்பால் ரெனாந்தே போட்ட முள்வேலி, வேலிக்கு அப்பால் வெறும் கறுப்பு மண். உமியைக் கொட்டி எரித்த சாம்பல் மழையில் கரைந்து கட்டிதட்டியிருந்தது. மானாங் தியோபிலாவின் நிலம்.

*

முந்நூற்று அறுபது மரங்கள். பிப்ரவரியில் இரண்டு நாளில் முடித்தார்கள். தண்டில் களைக்கொல்லியை ஊசியால் ஏற்றி, சாய்த்து, துண்டுபோட்டு, உமி மூட்டி எரித்தார்கள். பாதிக்கு மேல் தார் போட்டிருந்த மரங்கள். தாரை மூடியிருந்த நீலப் பையோடு அப்படியே சரிந்தன.

தியோபிலா கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மாரிவிக்கிடம்தான் வந்து கேட்டாள். "இண்டாய், ஒரு இலைகூட மஞ்சளாகலையே. நல்லாப் பாத்தீங்களா?"

மானாங் என்றால் அக்கா; இண்டாய் என்றால் அந்தப் பக்கத்தில் பெண்ணே, தங்கச்சி என்கிற மாதிரி. நிலையத்தில் எல்லாரும் மேம் என்று கூப்பிடும்போது அவள் மட்டும் அப்படிக் கூப்பிட்டது மாரிவிக்குக்குப் பிடித்திருந்தது. அந்தப் பிரியத்தோடுதான் விளக்கினாள். "கண்ணுக்குத் தெரியும்போது ரொம்ப லேட்டாயிடும் மானாங். வேர்ல இருக்கு. எங்களுக்குத் தெரியுது."

வெட்டும்போது ஓர் ஆள் கத்தியோடு திரும்பி, "உள்ள தேங்காய் மாதிரி வெள்ளையா இருக்கே மேம்" என்றான். நோய் வந்த தண்டுக்குள் பழுப்பாக ஓடியிருக்கும். அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. ஆரம்ப நிலையில் பழுப்பு தண்டுவரைக்கும் ஏறியிருக்காது. அது பொய்யில்லை, புத்தகத்திலேயே இருப்பதுதான். இப்போது யோசித்தால் அதுதான் பயமாக இருந்தது. தப்பான ஒன்றைச் சுற்றி அவள் அடுக்கிவைத்த ஒவ்வொரு செங்கலும் சரியான செங்கல்.

அதைவிடப் பெரிய செங்கல் ஆன்செல்மோவின் பூட்ஸ்.

தியோபிலாவின் புருஷன் ஆன்செல்மோ, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த கம்பெனித் தோட்டத்தில் கூலிவேலைக்குப் போனவன். அங்கே ஏற்கெனவே வாடல் இருந்தது. சாயங்காலம் சாலை வழியாக வந்து நேரே தன் நிலத்துக்குள் இறங்குவான். வரைபடம் சாலையோரத்தைக் காட்டியதும் முப்பது குடும்பங்களுக்கும் ஒரே கணத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. மாரிவிக்குக்கும்தான். ஆய்வுக் கட்டுரையில் பெயர் போடாமல், 'நோய் சாலை வழியே, தொழிலாளர் காலணிகளில் ஒட்டிய மண்ணால் நுழைந்திருக்கலாம்' என்று ஒரு வரி எழுதினாள். அந்த வரி வந்துவிழுந்தபோது கிடைத்த சுகம் அவளுக்கு இன்னும் நினைவிருந்தது. எண்ணும் ஊரும் ஒன்றையே சொல்லும்போது வருகிற சுகம்.

உமியில் தீ வைத்த அன்று தியோபிலா எல்லார் முன்னாலும் புருஷனின் பூட்ஸைத் தூக்கிக்கொண்டுவந்து நெருப்பில் போட்டாள். அவன் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த வாரமே ஜெனரல் சாந்தோஸ் துறைமுகத்துக்குப் போய் மீன்பிடிக் கப்பலில் ஏறிவிட்டான் என்றார்கள். போன் எடுப்பதில்லை.

*

நிலையத்துக்கு வந்ததும் மாரிவிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரே ஒரு வரிதான் மாற்ற வேண்டியிருந்தது. மேற்குப் பாதியில் ஒவ்வொரு மரத்தின் எண்ணையும் நாற்பத்தொன்றிலிருந்து கழிக்க வேண்டும். ஓடவிட்டாள். கணினி முனகிற்று. பதினெட்டு நிமிடம். வெளியே மழை வந்து, ஓட்டில் கொட்டி, நின்றுபோயிற்று.

புதுப் படம் வந்தது. சாலையோரம் சுத்தம். நோய் முழுக்கக் கம்பியை ஒட்டி, மேற்கே அடர்த்தியாக, கிழக்கே மெலிசாக, ஈரத்துணியில் மை ஊறின மாதிரி. கிழக்கில் எத்தனை என்று பார்த்தாள். கணக்கு பன்னிரண்டு என்றது. சோதனையில் பதின்மூன்று.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்.

அதைப் பிற்பாடு எத்தனையோ தடவை திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறாள், வேறு ஏதாவது பெயர் வைக்க முடியுமா என்று. முடியவில்லை. நெஞ்சு நிமிர்ந்து, கை தானாக மேசையைத் தட்டிய சந்தோஷம். சமன்பாடு சரி, ஆரம்பத்திலிருந்தே சரி, எண்கள்தான் திரும்பி நின்றன. ஒரு மூச்சு நேரம் இருந்திருக்கும். அதற்குள் தியோபிலா இல்லை, முந்நூற்று அறுபது மரம் இல்லை, யாருமே இல்லை. அப்புறம்தான் எல்லாரும் வந்தார்கள்.

ரெனாந்தே தட்டாமல் உள்ளே வந்தான். கையில் காப்பி. "என்ன, தோட்டத்துல பேய் புடிச்சிருச்சாமே உன்னை? ப்ரோகோ சொல்லிட்டிருக்கார், வர்ற வழியெல்லாம் பேசவே இல்லன்னு."

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். அவன் வரைபடம் படிக்கத் தெரிந்தவன். பிப்ரவரிப் படத்தையும் பக்கத்தில் வைத்தபோது காப்பியைக் கீழே வைத்துவிட்டான்.

"எண்ணிக்கை கம்பியிலேருந்தா?"

"ம்."

"மூணு மாசமா..." என்று நிறுத்தினான். எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிப்பவன். "மாரிவிக், சாலைப் பக்கம் யாரும் வரக்கூடாதுன்னு வேலி போட்டு, பாதையை மாத்துனது நான். எல்லாரையும் கம்பியடியில நடக்கவிட்டது நான். ஒரு நாளைக்கு நூறு பேரு. கால் கழுவுற தொட்டி எங்க வச்சேன் தெரியுமா? அந்தப் பொம்பள நிலத்து வாசல்ல. கம்பியடியில ஒண்ணுகூட இல்ல."

"நான் சொல்லித்தானே வச்சே."

"அது எனக்கு ஆறுதலா?" என்றான் அவன்.

*

டாக்டர் ஃபெலிசிதாஸ் இரண்டு படங்களையும் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். முப்பது வருடம் இந்த ஒரு பூஞ்சையின் பின்னாலேயே அலைந்தவர். அவர் கத்துவார் என்று மாரிவிக் எதிர்பார்த்திருந்தாள். அவர் கத்தவில்லை.

"கம்பியோரத்துல எத்தனை மரம் வெட்டணும்?"

"ரெண்டு பக்கமும் சேத்து ஆயிரத்து இருநூறு. இந்த மாசத்துக்குள்ள வெட்டினா மீதி பொழைக்கும். அதுக்கப்புறம்னா நிக்காது."

"சனிக்கிழமை கூட்டம் இருக்கு. அங்க வச்சுக் கேக்கலாம். இப்படிச் சொல்லு: புதுசா மாதிரி எடுத்தோம், புது இடத்துல நோய் தெரியுது, வெட்டணும். அவ்வளவுதான். இதுல பொய் எங்கயாவது இருக்கா?"

"மானாங் தியோபிலா?"

"நாலு மாசம் போகட்டும். கம்பியோரம் வெட்டி முடியட்டும். நானே உன்கூட வந்து அவ காலடியில உக்காந்து சொல்றேன்."

"டாக்டர், அவங்க புருஷன்..."

"தெரியும்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண்கள் சிறியதாக, களைத்துப்போயிருந்தன. "நீ சனிக்கிழமை எழுந்து, நாங்க எண்ணைத் திருப்பிப் போட்டுட்டோம், நல்ல மரத்தை எரிச்சிட்டோம்னு சொன்னா, அடுத்த நிமிஷம் 'இப்ப உங்க மரத்தையும் குடுங்க'ன்னு கேப்பே. எவன் குடுப்பான்? கூட்டுறவுத் தலைவன் செவெரினோவே குடுப்பானா? கம்பியோரம் பாதி அவனுதுதான். ஒருத்திக்கு உண்மையச் சொல்றதுக்காக முப்பது குடும்பத்தைச் சாக விடுவியா? அதையும் உன் கணக்குல போட்டுப் பாத்தியா?"

போட்டுப் பார்க்கத் தேவையே இல்லை. மாரிவிக்குக்குத் தெரியும். வெட்டாமல் விட்டால் பதினெட்டு மாதத்தில் தோட்டம் கிடையாது.

புதனும் வியாழனும் அவள் அந்த வாக்கியத்தைப் பழகினாள். புதுசா மாதிரி எடுத்தோம். புது இடத்துல நோய் தெரியுது. குளிக்கும்போது சொல்லிப் பார்த்தாள். கருவாடு பொரிக்கும்போது சொல்லிப் பார்த்தாள். வாய் அதற்குப் பழகிக்கொண்டே வந்தது. சொல்ல வேண்டும் என்று உள்ளே ஒன்று குடைந்துகொண்டிருந்தது உண்மைதான். ஆனால் அது தியோபிலாவுக்காகவா, அல்லது சொல்லிவிட்டால் தன் வயிற்றிலிருந்து இந்தக் கல் இறங்கிவிடும் என்பதாலா? தன் பாரத்தை இறக்குவதற்கு முப்பது குடும்பத்தின் தலையா? அப்படிக் கேட்டுக்கொண்டால் டாக்டர் சொல்வதுதான் சரி என்று பட்டது. சரி என்று பட்டதும் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை அவள் நம்பவில்லை. பூட்ஸ் வரியை எழுதியபோது வந்ததும் இதே நிம்மதிதான்.

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாலைத் திருப்பத்தில் தியோபிலா வாணலி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாழைக்காயை வெல்லத்தில் புரட்டிப் பொரித்துக் குச்சியில் குத்தி விற்கிறாள். காயை வெளியூரிலிருந்து வாங்குகிறாள். மாரிவிக் வண்டியை நிறுத்தியிருக்க வேண்டியதில்லை. தியோபிலாதான் கையை ஆட்டிக் கூப்பிட்டாள்.

"இண்டாய்! கண்டும் காணாம போறீங்க? இந்தாங்க, சூடா இருக்கு. காசெல்லாம் வேணாம், அடி விழும்."

குச்சியை வாங்கிக்கொண்டு நின்றாள்.

"இளைச்சிட்டீங்க. கணக்கு போட்டே உடம்பு கெட்டுப்போச்சு" என்றாள் தியோபிலா. இலையால் நெருப்பை விசிறினாள். "எங்க வீட்டாளு கொண்டுவந்து போட்ட பாவத்துக்கு நீங்க பாடுபடுறீங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உங்களுக்கும் சேத்து மெழுகுவத்தி ஏத்துறேன் தெரியுமா? நீங்க மட்டும் சொல்லலைன்னா எங்க நிலத்துலேருந்து ஊர் முழுக்கப் போயிருக்கும். எல்லாருக்கும் முன்னால எப்படி முழிச்சிருப்பேன்? என் நெலம் போனது போகட்டும். மத்தவங்களுது நின்னுச்சே, அது போதும்."

வெல்லம் மாரிவிக்கின் விரலில் வழிந்து சுட்டது. வாய்க்குள் பழகிவைத்த வாக்கியத்தைத் தேடினாள். அது இல்லை.

"மானாங். உங்க மரத்துல நோய் இல்ல."

"இப்ப மரமே இல்லையே" என்று சிரித்தாள் தியோபிலா.

"அப்பவும் இல்ல. பிப்ரவரியில. ஒரு மரத்துலகூட இல்ல. நான் எண்ணைத் தப்பாப் புரிஞ்சுகிட்டேன். கம்பியோரத்துல இருந்த நோயைச் சாலையோரம்னு போட்டுட்டேன். அண்ணன் எதையும் கொண்டுவரல. அவர் பூட்ஸ்ல ஒண்ணும் இல்ல."

தியோபிலா விசிறிக்கொண்டே இருந்தாள். வாணலியில் கிடந்தவை கறுக்க ஆரம்பித்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தாள். அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்தாள். அதற்குப் பிறகுதான் தலையைத் தூக்கினாள்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"செவ்வாக்கிழமை."

"இன்னைக்கு வெள்ளி."

மாரிவிக் குச்சியைத் தட்டில் வைத்தாள்.

"பூட்ஸ நாந்தான் எரிச்சேன்" என்றாள் தியோபிலா. அழவில்லை. ஏதோ சாமான் எங்கே வைத்தோம் என்று யோசிக்கிறவள் போல இருந்தாள். "அவரு ராத்திரி கேட்டாரு. நான் தினமும் ஆத்துல கால் கழுவிட்டுத்தான் வருவேன், உனக்குத் தெரியாதான்னு கேட்டாரு. எனக்குத் தெரியும். நான் பாத்திருக்கேன். ஆனா படம் போட்டுக் காட்டுனாங்களே, படிச்சவங்க சொல்றாங்களேன்னு..." நிறுத்தினாள். கையைத் துணியில் துடைத்தாள். "நாளைக்குக் கூட்டத்துல இதச் சொல்லுவீங்களா, மேம்?"

மேம் என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"சொல்றேன்."

"எல்லார் முன்னாலயும்?"

"எல்லார் முன்னாலயும்."

"சத்தமா சொல்லணும். நான் போன்ல புடிச்சு அவருக்கு அனுப்பணும்."

*

பேக்கிங் கொட்டகையில்தான் கூட்டம். அட்டைப்பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். தியோபிலா முன்வரிசையில் போனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாள். டாக்டர் ஃபெலிசிதாஸிடம் மாரிவிக் காலையிலேயே சொல்லிவிட்டாள். அவர் "சரி" என்று மட்டும் சொன்னார். இப்போது கடைசியில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

அவள் சத்தமாகச் சொன்னாள். எண்ணை எங்கிருந்து எண்ணினார்கள், தான் எங்கிருந்து என்று நினைத்தாள், எத்தனை நல்ல மரம் போயிற்று. ஆன்செல்மோவின் பெயரையும் சொன்னாள். அவர்மேல் குற்றமில்லை என்பதை இரண்டு தடவை சொன்னாள். இரண்டாவது தடவை முடிந்ததும் தியோபிலா போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். எழுந்தாள். பக்கத்திலிருந்த ஒருத்தி அவள் கையைப் பிடிக்கப் பார்த்தாள். "பிப்ரவரியில எங்க இருந்தே?" என்று கேட்டுக் கையை உருவிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவளுக்கு மிச்சம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மிச்சத்தை மாரிவிக் மற்றவர்களுக்குச் சொன்னாள். ஆயிரத்து இருநூறு மரம். இந்த மாதத்துக்குள்.

பிறகு தலைவர் செவெரினோ எழுந்தார். நல்ல மனிதர், கோபப்படத் தெரியாதவர்.

"மேம், ஒரு சந்தேகம். போன தடவையும் இப்படித்தானே படம் காட்டுனீங்க?"

"ஆமா."

"அப்பவும் கண்ணுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும்னீங்க."

"ஆமா. ஆனா இப்ப எண்ணு சரி மானோங். கிழக்குல பதின்மூணுக்குப் பன்னெண்டு ஒத்துவருது..."

"ஒண்ணு எங்க போச்சு?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். கொட்டகை முழுக்கச் சிரித்தது.

"அந்த ஒண்ணை ஆன்செல்மோ பூட்ஸ்ல போட்டு எடுத்துட்டுப் போயிட்டான்" என்றான் இன்னொருவன். யாரும் அதற்குச் சிரிக்கவில்லை.

மானோங் ப்ரோகோ எழுந்தார். "இந்த வாட்டி மேம் என்கூடவே நடந்தாங்க. மேம் சொல்றது நெசம். வெட்டிருங்க" என்றார்.

"உனக்கென்ன, உன் நெலம் வாய்க்கால் ஓரம்" என்றார்கள்.

ரெனாந்தே கம்பியடிப் பாதையையாவது இன்றே மூடச் சொன்னான். மூடினால் தார் எப்படி வெளியே போகும், அடுத்த வாரம் அறுப்பு என்றார்கள். கடைசியில் கையைத் தூக்கச் சொன்னார்கள். வெட்டலாம் என்று நாலு கை. ஒரு இலையாவது மஞ்சளாகட்டும், கண்ணால் பார்த்துவிட்டு வெட்டலாம் என்று இருபத்தாறு கை.

வெளியே வரும்போது டாக்டர் ஃபெலிசிதாஸ் வண்டிக் கதவைத் திறந்துகொண்டே, "இந்த இருபத்தாறையும் எழுதி வச்சுக்கோ" என்றார். குத்திக் காட்டுகிறாரோ என்று மாரிவிக் பார்த்தாள். இல்லை. அவர் குரலில் ஒன்றுமே இல்லை.

*

ஜூலை இரண்டாம் வாரம் செவெரினோவின் ஏழாவது வரிசையில், கம்பியிலிருந்து மூன்றாவது மரத்தில், அடி இலை ஓரம் மஞ்சள் கட்டியது. அந்த வாரமே நாற்பது மரம். ஆகஸ்டில் எண்ண வேண்டியிருக்கவில்லை; சாலையிலிருந்தே தெரிந்தது. அப்போது வெட்டினார்கள். ஆயிரத்து இருநூறு அல்ல, நாலாயிரம். தண்டுக்குள் எல்லாம் பழுப்பு. அதற்குள் வாய்க்கால் ஓரமும் சோதனையில் வந்துவிட்டது.

கட்டுரையை மாரிவிக் திரும்பப் பெற்றுக்கொண்டாள். புதுக் கணக்கை வைத்து வேறொன்று எழுதலாம் என்று தலைநகரிலிருந்து கேட்டார்கள். கணித்ததும் நடந்ததும் இவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போன தோட்டம் வேறு எங்கும் இல்லையாம். அந்தக் கடிதத்துக்கு அவள் பதில் போடவில்லை. தூக்கியும் எறியவில்லை. மேசை இழுப்பறையில் இருக்கிறது.

செப்டம்பரில் எஞ்சிய மரங்களைக் கணக்கெடுக்க மானோங் ப்ரோகோவோடு போனாள். இப்போது எல்லா வாசலிலும் தொட்டி இருந்தது. இருவரும் பூட்ஸை முக்கி எடுத்தார்கள். கிருமிநாசினி கலந்த நீலத் தண்ணீர் சேறாகிக் கிடந்தது.

"மானாங் தியோபிலாவப் பாத்தீங்களா மானோங்? அண்ணன் பேசினாரா?"

"கேட்டானாம். நீங்க பேசினத முழுசாக் கேட்டிருக்கான்."

"என்ன சொன்னாராம்?"

அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். நுனியைப் பார்த்தார். "புது பூட்ஸ் வாங்கிட்டேன்னு ஒரு வரி அனுப்பினானாம். கப்பல்ல போடுற ரப்பர் பூட்ஸ். அவ்வளவுதான். வர்றேன்னு சொல்லல."

கம்பியில் தார் எதுவும் தொங்கவில்லை. காற்றுக்கு அது லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கறுப்பு மண், அதற்கப்பால் இங்கொன்றும் அங்கொன்றுமாக மரங்கள். மானோங் ப்ரோகோ கம்பியடிக்கு நடந்து போனார். வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றார். குனியப் போனவர் நிமிர்ந்து அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்கேருந்து எண்ணட்டும் மேம்?"

மூன்று வருடத்தில் எங்கிருந்து என்று அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்கவே தேவையில்லாத ஒன்றை அவர் கேட்க வேண்டியதாகிவிட்டது. அவள் அவர் பக்கத்தில் போய்க் கம்பிக்குக் கீழே நின்றாள்.

"இங்கேருந்தே எண்ணுங்க மானோங்."

அவர் முதல் குழியைப் பார்த்தார். அங்கே மரம் இல்லை. பென்சிலை நாக்கில் தொட்டு, வரிசை 1, மரம் 1, இல்லை என்று எழுதினார். இரண்டாவது குழிக்கு நகர்ந்தார். அவள் கூடவே நடந்தாள்.